ஆட்கடத்தலுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஆட்கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரு வேன்தான் நினைவுக்கு வரும். வாயைப் பொத்தி, ஆளைத் தூக்கி உள்ளே போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பறக்கும் வேன். அதனால்தான் மியான்மரில் நம் இளைஞர்கள் சிக்கிக்கொண்ட செய்திகள் 2022இல் வரத் தொடங்கியபோது பலரும் இப்படிக் கேட்டார்கள்: "அவங்களே பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட் வாங்கி, விமானம் ஏறிப் போனவங்கதானே? இதுல கடத்தல் எங்க இருக்கு?"

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் இன்னொரு பெரிய கேள்வியும் புரியத் தொடங்கும். ஒரு குடும்பத்தின் துயரமாகத் தெரியும் இந்தக் குற்றத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை வரை கொண்டுபோய் ஏன் பேசுகிறார்கள்? பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் தேசியப் புலனாய்வு முகமையின் கையில் இதை ஏன் கொடுத்தார்கள்?

முதல் கேள்வியிலிருந்து வருவோம்.

விமானம் ஏறிப் போனவர் எப்படிக் கடத்தப்பட்டவர் ஆவார்?

உலக நாடுகள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட வரையறை ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய நெறிமுறை அது. நாடுகள் கையெழுத்திட்ட இடம் இத்தாலியின் பலெர்மோ நகரம் என்பதால் பலெர்மோ நெறிமுறை என்று பெயர். இந்தியா 2011இல் அதில் இணைந்தது. அந்த வரையறை மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஆளை என்ன செய்தார்கள்? வேலைக்குச் சேர்த்தார்களா, ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார்களா, வேறு கைக்கு மாற்றிவிட்டார்களா? அடுத்தது, எப்படிச் செய்தார்கள்? மிரட்டியா, ஏமாற்றியா, அவருடைய இல்லாமையைப் பயன்படுத்தியா? கடைசியாக, எதற்காகச் செய்தார்கள்? உழைப்பைச் சுரண்டவா, பாலியல் தொழிலில் தள்ளவா, உடல் உறுப்பை எடுக்கவா? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அது ஆட்கடத்தல். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் நடுவில் உள்ள 'எப்படி' என்ற கேள்விகூட வேண்டியதில்லை.

கவனித்துப் பாருங்கள், இதில் வேன் இல்லை. எல்லை தாண்ட வேண்டும் என்றும் இல்லை. முன்பணம் கொடுத்து ஒரு குடும்பத்தையே செங்கல் சூளைக்குக் கூட்டிப்போய், கடன் தீரும்வரை வெளியே விடாமல் வேலை வாங்கினால், அந்தக் கொத்தடிமைத்தனத்துக்குள்ளும் இந்தக் குற்றம்தான் இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்வது அதனால்தான். 'கடத்தல்' என்பதைவிட அந்த 'வணிகம்' என்ற சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் இங்கே நடப்பது ஆளை விற்பதும் வாங்குவதும்.

இன்னொன்று, ஏமாற்றி வாங்கிய சம்மதம் இந்தச் சட்டத்தின் முன் சம்மதமே ஆகாது. அவரே டிக்கெட் எடுத்தார் என்பதால் எதுவும் மாறிவிடாது.

இப்போது ஒரு பையனின் பயணத்தைப் பார்ப்போம். இது தனி ஒருவருடைய கதை இல்லை. மீண்டு வந்தவர்கள் பலரும் சொன்னதில் பொதுவாக இருப்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். அவருக்குப் படிப்பு முடிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியும், ஆங்கிலம் சமாளிப்பார், வீட்டில் கடன் இருக்கிறது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கைநிறையச் சம்பளம் என்று சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் வருகிறது. இங்கே ஒரு ஏஜென்ட், துபாயில் ஒரு ஏஜென்ட். இன்டர்வியூ என்று ஒன்று பெயருக்கு நடக்கிறது, டைப்பிங் வேகம் பார்க்கிறார்கள். "விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார்கள். பாங்காக் விமான நிலையத்தில் கார் காத்திருக்கிறது. வேலை பாங்காக்கில் என்றுதானே சொன்னார்கள்? கார் பல மணி நேரம் வடமேற்கே ஓடி, மே சோட் என்ற எல்லை ஊரில் நிற்கிறது. இருட்டிய பிறகு மோய் ஆற்றைக் கடக்க வைக்கிறார்கள். அக்கரை மியான்மர், ஊர் பெயர் மியாவாடி.

உயரமான சுவர், முள்கம்பி, துப்பாக்கியோடு காவல். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வேலை என்னவென்றால், அழகான ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, கடைசியில் போலி முதலீட்டுச் செயலியில் பணம் போட வைப்பது. இதை நடத்தும் சீனக் குற்றக் கும்பல்கள் இதற்குப் பன்றி வெட்டு என்று பெயர் வைத்திருக்கின்றன. கொழுக்க வைத்து வெட்டுவதாம். டார்கெட் முடிக்காவிட்டால் அடி, மின்சார ஷாக், பட்டினி. வீட்டுக்குப் போகிறேன் என்றால், "உன்னை வாங்கின காசைக் கட்டிட்டுப் போ" என்கிறார்கள். பலெர்மோ வரையறையின் மூன்று கேள்விகளையும் இப்போது மறுபடி கேட்டுப் பாருங்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

2022 அக்டோபர் தொடக்கத்தில் இப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அப்போது பலருக்கு இது எங்கோ நடந்த ஒரு விபத்து மாதிரித்தான் தோன்றியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட மோசடி முகாம்களில் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அடைக்கப்பட்டிருக்கலாம் என்றது. ஒரு நகரத்தின் மக்கள்தொகை அளவுக்கு ஆட்களை வாங்கி அடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே தொலைபேசி அழைப்பில் இரண்டு பேர்

நாட்டின் பாதுகாப்பு என்றால் எல்லையில் ராணுவம், கடலில் கப்பல் என்றுதான் பழகியிருக்கிறோம். கொஞ்சம் வேறு மாதிரி யோசிப்போம். ஒரு வெளிநாட்டுக் கும்பல் நம் நாட்டு மக்களின் சேமிப்பை நாள் தவறாமல் உறிஞ்சுகிறது என்றால் அதை என்ன சொல்வது? 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கே மாதங்களில் டிரேடிங் மோசடி, முதலீட்டு மோசடி, போலீஸ் போல வீடியோவில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்', காதல் வலை என்ற நான்கு வகைகளில் மட்டும் இந்தியர்கள் இழந்தது சுமார் 1,776 கோடி ரூபாய். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் சொன்ன கணக்கு இது. அந்தக் காலத்து சைபர் மோசடிகளில் ஏறத்தாழ 46 சதவீதம் மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து நடத்தப்பட்டவை என்றும் அதே மையம் சொன்னது.

இந்தியர்களை ஏமாற்ற இந்திய மொழி பேசுகிறவர்கள் வேண்டும். நம் ஊர் பேச்சு, நம் வங்கிகளின் பெயர், ஓய்வூதியம் எந்த வாரம் வரும் என்பதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். அதற்குத்தான் அந்தப் பையன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் போன் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் வாழ்நாள் சேமிப்பை இழக்கப் போகிறவர். அந்தப் பக்கம், இதைச் செய்யாவிட்டால் இன்று இரவு அடி வாங்கப் போகிறவர். இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர்கள், ஒருவேளை ஒரே மாவட்டத்துக்காரர்கள். நடுவில் இருப்பவன் இருவரையும் வைத்துச் சம்பாதிக்கிறான். ஆட்கடத்தலை ஒருவருடைய சோகமாக மட்டும் பார்த்தால் இந்த இணைப்பு கண்ணில் படாது. போலீஸ் நிலையத்தில் சைபர் மோசடிப் புகார் ஒரு கோப்பிலும், காணாமல் போன மகனைப் பற்றிய புகார் வேறொரு கோப்பிலும் கிடக்கும்.

போன பணம் எங்கே போகிறது? முதலில் யாரோ ஒருவர் கமிஷனுக்காக வாடகைக்குக் கொடுத்த வங்கிக் கணக்குக்கு. அங்கிருந்து அடுத்தடுத்துப் பல கணக்குகளுக்கு. அப்புறம் கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டே போய்விடும். இந்த வழியில் மோசடிப் பணம் மட்டும்தான் போகும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. போதைப்பொருள் பணத்துக்கும் ஆயுதப் பணத்துக்கும் இதே குழாய்தான் பயன்படும். போலிப் பாஸ்போர்ட் அடிக்கிற ஆளுக்கு, அதை வாங்குகிறவர் வேலை தேடிப் போகிறவரா, வெடிகுண்டு வைக்கப் போகிறவரா என்பது ஒரு பொருட்டில்லை. எல்லையில் ஓர் அதிகாரி ஒருமுறை கண்ணை மூடிக்கொள்ளக் காசு வாங்கிப் பழகிவிட்டால், அந்த இடத்தில் வேலியில் ஓட்டை விழுந்துவிட்டது என்றுதான் பொருள்.

அந்த முகாம் யாருடைய மண்ணில் நிற்கிறது?

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. இவ்வளவு பெரிய முகாம்களை எப்படி வெளிப்படையாக நடத்த முடிகிறது? மியாவாடி பக்கத்து முகாம்களான கேகே பார்க், ஷ்வே கொக்கோ போன்றவை காட்டுக்குள் ஒளிந்திருந்த குடிசைகள் இல்லை. மோய் ஆற்றின் இக்கரையில், தாய்லாந்தில் நின்று பார்த்தாலே தெரிந்த பல மாடிக் கட்டடங்கள்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மியான்மர் உள்நாட்டுப் போரில் சிக்கியது. எல்லைப் பகுதிகள் பலவற்றில் அரசின் கை எட்டுவதில்லை. மியாவாடி பக்கம் செல்வாக்கோடு இருந்தது, ராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய கரென் எல்லைக் காவல் படை. அதன் தலைவர் சா சித் து. தங்கள் ஆளுகையில் உள்ள நிலத்தைக் குற்றக் கும்பல்களுக்கு விட்டு வாடகை வாங்கியதாகவும், முகாம்களுக்கு மின்சாரமும் காவலும் கொடுத்ததாகவும் குற்றம் சாட்டி, அமெரிக்க நிதித்துறை 2025 மே மாதம் அவர்மீதும் அவருடைய இரண்டு மகன்கள்மீதும் தடை விதித்தது. பிரிட்டன் அதற்கு முன்பே விதித்திருந்தது.

இது ஒரு சுழல். அரசு பலவீனமான இடத்தில் ஆயுதக் குழு வளர்கிறது. அந்தக் குழு ஆள் வணிகக் கும்பலுக்கு இடம் கொடுக்கிறது. அங்கே வரும் பணம் ஆயுதக் குழுவை வளர்க்கிறது, அரசு இன்னும் பலவீனமாகிறது. மியான்மர், கம்போடியா, லாவோஸ் மூன்றிலும் இயங்கும் கும்பல்கள் ஆண்டுக்குத் திருடும் பணம் 4,300 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்க அமைதி நிறுவனம் 2024இல் மதிப்பிட்டது. அந்த மூன்று நாடுகளின் அதிகாரபூர்வப் பொருளாதாரத்தைக் கூட்டினால் வரும் தொகையில் ஏறத்தாழ 40 சதவீதம் அது. இவ்வளவு பணம் கையில் உள்ள கும்பலைச் சாதாரணக் காவல் நிலையம் கைது செய்யப் போவதில்லை. போட்டியாக இன்னொரு அதிகாரம் எழுந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வடக்கு மியான்மரில் இது போராகவே வெடித்தது. சீன எல்லையை ஒட்டிய கோகாங் பகுதியில் சில குடும்பங்கள் மோசடி முகாம்களை நடத்திவந்தன. சிக்கியவர்களிலும் ஏமாந்தவர்களிலும் ஏராளமானோர் சீனர்கள். 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இனக்குழுப் படைகள் சேர்ந்து மியான்மர் ராணுவத்தின்மீது பெரிய தாக்குதலைத் தொடங்கின. மோசடி முகாம்களை ஒழிப்பதும் எங்கள் நோக்கம் என்று அறிவித்துத்தான் தொடங்கின. அதுவரை மியான்மர் ராணுவத்தோடு இணக்கமாக இருந்த சீனா, இந்த முறை தடுக்கவில்லை என்பது பல பார்வையாளர்களின் கணிப்பு. கோகாங்கின் தலைநகரம் லாவுக்காய் சில மாதங்களில் வீழ்ந்தது. பிடிபட்ட மிங் குடும்பக் கும்பலைச் சேர்ந்த 11 பேருக்கு 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஒரு நாட்டின் போர்க்கள நிலவரத்தையே மாற்றும் அளவுக்கு ஆட்கடத்தல் போயிருக்கிறது.

போர் நடக்காத தாய்லாந்தும் தப்பவில்லை. 2025 ஜனவரியில் வாங் ஷிங் என்ற சீன நடிகர், படத்தில் நடிக்க வாய்ப்பு என்று நம்பி பாங்காக் வந்தார். மே சோட் வழியாக மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டார். சில நாளில் மீட்கப்பட்டபோது தலை மொட்டையடிக்கப்பட்டிருந்தது. அந்தப் படம் சீனாவெங்கும் பரவியதும் சுற்றுலாப் பயணிகள் தாய்லாந்துப் பயணத்தை ரத்து செய்யத் தொடங்கினார்கள். சுற்றுலாவை நம்பி வாழும் நாடு அது. பிப்ரவரி 5 அன்று மியான்மர் எல்லையில் ஐந்து இடங்களுக்குக் கொடுத்துவந்த மின்சாரம், எரிபொருள், இணையம் மூன்றையும் தாய்லாந்து துண்டித்தது. அதன் பிறகு பல ஆயிரம் பேர் முகாம்களிலிருந்து வெளியே விடப்பட்டார்கள். மார்ச் மாதம் இரண்டே நாளில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை அழைத்து வந்தன. வேலைக்குப் போனவர்களைத் திரும்பக் கொண்டுவர விமானப்படை போக வேண்டியிருந்தது.

போர்முனைக்கே ஆள் அனுப்பும் வணிகம்

பாதுகாப்பு அவை இதைக் கையில் எடுத்ததற்கு இன்னொரு பின்னணி உண்டு. 2014 ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் ஐஎஸ் அமைப்பு யஸீதி என்ற சிறுபான்மை மக்களைத் தாக்கி, பெண்களையும் சிறுமிகளையும் பிடித்துச் சந்தையில் விற்றது. அதில் தப்பி வந்த நாடியா முராத் 2015 டிசம்பரில் பாதுகாப்பு அவையின் முன் பேசினார். 2018இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆள் வணிகம் பயங்கரவாத அமைப்புகளுக்கு வருமானமாகவும், ஆள்சேர்க்கக் காட்டும் ஆசையாகவும், ஒரு சமூகத்தை நொறுக்கும் ஆயுதமாகவும் இருக்கிறது என்பதை அதன் பிறகு அந்த அவையால் மறுக்க முடியவில்லை. 2016 டிசம்பரில் வந்த 2331ஆம் தீர்மானம் இதை எழுத்தில் வைத்தது. பயங்கரவாதக் குழுக்கள் இப்படி விற்றவர்களைப் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களாகவே கருத வேண்டும் என்றும் அது சொன்னது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைக்கப்பட்டு உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ இதை ஆட்கடத்தல் வழக்காகவே பதிவு செய்தது. 2025 ஜனவரி நிலவரப்படி ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாகத் தெரியவந்த 126 இந்தியர்களில் 12 பேர் இறந்திருந்தார்கள், 16 பேரைக் காணவில்லை என்று வெளியுறவுத் துறை சொன்னது. பிரதமர் மாஸ்கோ போனபோது இதைப் பேச வேண்டியிருந்தது. நம் குடிமகன் ஏமாற்றப்பட்டு வேறு நாட்டின் போரில் சிப்பாயாகிறான் என்றால், அது அந்தக் குடும்பத்தோடு நிற்பதில்லை, இரண்டு நாடுகளின் உறவுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது, எங்கே தடுமாறுகிறது?

2019இல் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தைத் திருத்தி, ஆட்கடத்தல், சைபர் பயங்கரவாதம் போன்ற குற்றங்களை அந்த முகமை விசாரிக்க வழிசெய்தார்கள். இந்தியாவுக்கு வெளியே நடந்த குற்றத்தையும் விசாரிக்கலாம். ஆட்கடத்தலுக்கான தண்டனை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 370ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவில் இருக்கிறது. ஏஜென்ட் இங்கே, இடைத்தரகர் துபாயில், முகாம் மியான்மரில், பணம் கிரிப்டோவில் என்று சிதறிக் கிடக்கும் குற்றத்தை ஒரு மாவட்டக் காவல்துறை தனியாகத் துரத்த முடியாது என்பதை இந்தத் திருத்தம் ஏற்றுக்கொள்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்.

ஆனால் 'தேசப் பாதுகாப்பு' என்ற பலகையை மாட்டியவுடன் ஒரு ஆபத்தும் கூடவே வருகிறது. பாதுகாப்பு என்று பேசத் தொடங்கினாலே கண்கள் சந்தேகத்தோடு பார்க்கப் பழகியவை. மோசடி செய்தவன், விசா விதியை மீறியவன், திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவன் என்று அந்தப் பையனே குற்றவாளிக் கூண்டுக்குப் போய்விடக் கூடும். தெரிந்தே போய், மற்றவர்களையும் ஆள்பிடித்துக் கொடுத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அவர்களைப் பிரித்தறிய விசாரணை வேண்டும். மற்றவர்கள், துப்பாக்கி முனையில் செய்ய வைக்கப்பட்டதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. உலக அளவில் இது ஏற்கப்பட்ட கொள்கை. பாதுகாப்புக் கணக்கில் பார்த்தாலும் அதுதான் சரி. முகாமுக்குள் யார் கட்டளையிட்டது, எந்தச் செயலி, எந்தக் கணக்கு, எந்த ஏஜென்ட் என்பதெல்லாம் தெரிந்த ஒரே சாட்சி அவர்தான். அவரைப் பயமுறுத்தினால் அந்தத் தகவல் அத்தனையும் வாய்க்குள்ளேயே போய்விடும்.

2022 ஜனவரியிலிருந்து 2024 மே வரை தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், வியட்நாம் ஆகிய நாடுகளுக்குச் சுற்றுலா விசாவில் போய்த் திரும்பாத இந்தியர்கள் 29,466 பேர் என்று குடிநுழைவுத் துறையின் கணக்கு சொன்னது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் 3,124 பேர். இவர்கள் எல்லோரும் முகாம்களில் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, வேறு நாட்டுக்குப் போனவர்களும் இருப்பார்கள். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதற்கு இது ஒரு தொடக்கம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் உரிமம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விசிட் விசாவில் வேலை என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள்.

திரும்பி வந்தவரின் வீட்டில் ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது, வட்டியோடு. ஊரில் தலைகாட்டக் கூச்சம். "ஏதோ பிள்ளை உயிரோட வந்துச்சே, அது போதும்" என்று குடும்பம் புகார் கொடுக்காமல் விட்டுவிடுகிறது. அவர்கள்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புகார் இல்லாமல் வழக்கு இல்லை, வழக்கு இல்லாமல் அந்த ஏஜென்ட்டின் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அடுத்த மாதம் அதே ஆளின் வாட்ஸ்அப் குழுவில் புது விளம்பரம் வரும். இந்த முறை நாட்டின் பெயர் மட்டும் மாறியிருக்கும்.